வீட்டு டேட்டாபேஸ், வெளியே லேப்டாப்: போர்ட் ஃபார்வர்டிங் கேள்வி-பதில்

கே: வெளியிலிருந்து 5432 போர்ட்டுக்கு வருவதை வீட்டு டேட்டாபேஸ் மெஷினுக்குத் திருப்பும்படி ரூட்டரில் ஃபார்வர்ட் செய்துவிட்டேன். வீட்டு வைஃபையிலிருந்து பப்ளிக் ஐபி போட்டால் போஸ்ட்கிரஸ் கனெக்ட் ஆகவில்லை. ரூட்டர் பழுதா? (கே.ஆர்.புரம்)

வீட்டுக்குள் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வெளி ஐபிக்குப் போகும் பாக்கெட்டைத் திரும்ப உள்ளே விட ரூட்டருக்கு ஹேர்பின் வசதி வேண்டும். பல வீட்டு ரூட்டர்களில் அது கிடையாது. லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள்.

கே: மொபைல் டேட்டாவிலும் டைம்அவுட். ரூலைப் பத்து முறை அழித்து எழுதிவிட்டேன். (எலக்ட்ரானிக் சிட்டி)

ரூலைத் தொடாதீர்கள். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை, அதாவது ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஒரு பப்ளிக் ஐபியைப் பல வீடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. சில இணைப்புகளில் 10-ல் தொடங்கும் ஐபியும் வரும். ரூல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பாக்கெட் உங்கள் வாசலுக்கே வராது. கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்குங்கள், அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (உங்கள் மெஷின்களுக்கு இடையே தனி வழி) போடுங்கள். அதற்கு ஃபார்வர்டிங்கே வேண்டாம்.

வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் ஃபைபர் பெட்டியும் ரூட்டராக வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் வெறுமனே கடத்தும் நிலை) மாற்றும்படி இணைய நிறுவனத்திடம் சொல்லுங்கள். அதற்கு முன் இணைப்புக்கு லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் நெட்டே போய்விடும். மாற்ற முடியாதென்றால் இரண்டு பெட்டியிலும் ரூல் எழுத வேண்டும்.

கே: ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை. உடனே வழி சொல்லவும். (இந்திராநகர்)

எந்த டேட்டாபேஸ், என்ன எரர் என்று எழுதாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எரரை அப்படியே அனுப்புங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது. டைம்அவுட் என்றால் பாக்கெட் வழியிலேயே தொலைகிறது: சிஜிநாட், தப்பான ரூல், அல்லது சர்வரின் ஃபயர்வால். ‘ரெஃப்யூஸ்ட்’ என்றால் பெரும்பாலும் மெஷின்வரை வந்துவிட்டது, அந்தப் போர்ட்டில் எந்த புரோகிராமும் காத்திருக்கவில்லை. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் 127.0.0.1-லும், போஸ்ட்கிரஸ் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டும்தான், அதாவது அதே மெஷினுக்குள்ளிருந்து வருவதற்காக மட்டும்தான் காத்திருக்கும், நீங்கள் மாற்றும்வரை. மைஎஸ்க்யூஎல்லில் 1130 என்ற எரர் வந்தால் ரூட்டரின் வேலை முடிந்தது. நீங்கள் வரும் ஐபியிலிருந்து நுழைய அனுமதி எழுதவில்லை.

கே: கடை பில்லிங் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகிறது. 1433 திறந்தும் பக்கத்து மெஷினிலிருந்துகூட வரவில்லை. (சிவாஜிநகர்)

எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி ஆஃபாகவே வரும், போர்ட்டும் டைனமிக், அதாவது நிலையான எண் கிடையாது. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபியை எனேபிள் செய்து, ‘ஐபி ஆல்’ பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கி, டிசிபி போர்ட்டில் 1433 போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கனெக்ட் செய்யும்போது ஐபிக்குப் பிறகு கமா போட்டு 1433. இதெல்லாம் கடைக்குள் மட்டும். ரூட்டரில் எழுதிய ரூலை இன்றே எடுத்துவிடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

கே: மைஎஸ்க்யூஎல்லின் 3306-க்குப் பதில் 33060 வைத்து, ரூட் யூசருக்கு ஹோஸ்ட் % (எந்த ஐபியிலிருந்தும் நுழையலாம்) கொடுத்துவிட்டேன். போர்ட் மாற்றியதால் பாதுகாப்புதானே? (மர்பி டவுன்)

இல்லை. டேட்டாபேஸ் போர்ட்டை இன்டர்நெட் பக்கம் திறக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. 33060 மறைவான எண்ணே அல்ல. மைஎஸ்க்யூஎல்லின் எக்ஸ் புரோட்டோகால் போர்ட் அது. நல்ல லைன் இருந்தால் ஐபிவி4 முழுவதையும் ஒரு போர்ட்டுக்காக ஒரு மணி நேரத்துக்குள் தேடிவிடலாம் என்று ஜீமேப் என்ற ஸ்கேனர் 2013-லேயே காட்டிவிட்டது. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டில்லாமல் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்களை ஆயிரக்கணக்கில் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். ரூட்டும் % குறியும் சேர்ந்தால், பாஸ்வேர்டு ஒன்றுதான் உங்கள் கதவு.

திறக்க வேண்டியது ஒரே போர்ட்: வயர்கார்டு என்ற விபிஎன்னின் 51820, யுடிபி. டிசிபி என்று எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. போர்ட் செக் செய்யும் தளங்கள் பெரும்பாலும் டிசிபியைத்தான் தட்டும், அதனால் ‘குளோஸ்டு’ என்று காட்டினால் கலங்க வேண்டாம். வயர்கார்டு காட்டும் ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ வரியில் நேரம் விழுகிறதா என்று பாருங்கள். சர்வருக்கு 10.66.0.1, லேப்டாப்புக்கு 10.66.0.2 கொடுங்கள். மைஎஸ்க்யூஎல் எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸில் 10.66.0.1 போட்டு, யூசரின் ஹோஸ்டை 10.66.0.2 என்று கட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: பூட் ஆகும்போது வயர்கார்டுக்கு முன் மைஎஸ்க்யூஎல் எழுந்தால் அந்த முகவரி இன்னும் இருக்காது, சர்வீஸ் விழுந்துவிடும். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டியில் வயர்கார்டுக்குப் பிறகு தொடங்கும்படி எழுதுங்கள். பழைய ரூலை அழித்துவிட்டு, ரூட்டை லோக்கல்ஹோஸ்டோடு நிறுத்துங்கள்.

கே: யுபிஎன்பி ஆனில் இருக்கலாமா? (ஒயிட்ஃபீல்டு)

வேண்டாம். உள்ளே இருக்கும் எந்த மலிவுக் கேமராவும் உங்களைக் கேட்காமல் போர்ட் திறந்துகொள்ளும்.

கே: வயர்கார்டு நன்றாக ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் மட்டும் நின்றுவிடுகிறது. (விவேக் நகர்)

இரண்டு ஐபியும் மாறியிருக்கும். சர்வரின் உள் ஐபியை மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கட்டி ரூட்டரில் ரிசர்வ் செய்யுங்கள். இல்லையென்றால் ரூல் வேறு மெஷினைத்தான் காட்டும். வெளி ஐபிக்கு டிடிஎன்எஸ் பெயர் (ஐபி மாறினாலும் புதியதையே காட்டும் பெயர்) வையுங்கள். ஆனால் வயர்கார்டு அந்தப் பெயரை டனல் தொடங்கும்போது ஒரு முறைதான் தேடும், அதனால் லேப்டாப்பில் டனலை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழ பயாஸில் ஏசி பவர் ரிகவரியை ஆன் செய்யுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். டேட்டாபேஸ் மெஷினுக்குப் பெரிய யுபிஎஸ் வேண்டும்.