பழைய பிக்சர் டியூப்பில் வீட்டிலேயே டிவி செய்யலாமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பா வாங்கிய 21 அங்குலக் கலர் டிவி எங்கள் வீவக வீட்டின் ஷெல்ட்டர் அறையில் கிடக்கிறது. பெட்டி உடைந்துவிட்டது, டியூப் நன்றாக இருக்கிறது. அதை மட்டும் கழற்றி, நானே சர்க்யூட் கட்டி, வசந்தம் சேனல் பார்க்க ஆசை. பழைய அனலாக் ஓசிலோஸ்கோப் ஒன்றும் வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?"

ஓசிலோஸ்கோப்பிலிருந்து தொடங்குங்கள். மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் அந்தக் கருவிக்குள்ளும் ஒரு சின்ன பிக்சர் டியூப்தான் இருக்கிறது. 21 அங்குலத்தைத் தொடாதீர்கள்.

டியூப் உள்ளே காற்றில்லாத வெறும் கண்ணாடிக் குடுவைதான். திரையில் படம் வரையும் எலக்ட்ரான் கதிரை அசைப்பது, கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்ற காந்தச் சுருள். அதை ஓட்டுவது போர்டும், ஃபிளைபேக் என்ற உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரும். நம் பழைய டிவி முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம், ஆக நொடிக்கு 15,625 தடவை கதிர் இடமிருந்து வலம் ஓடித் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வேகத்திலிருந்துதான் ஃபிளைபேக் 20,000 வோல்ட்டுக்கு மேல் எடுக்கிறது. டியூப், யோக், போர்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பார்த்துச் சேர்த்தவை. கலர் டியூப்பில் மூன்று கதிர் வேறு. யோக்கை ஒருமுறை அசைத்துவிட்டால் சிவப்பும் நீலமும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அடுத்தது ஷாக். டியூப்பின் உள்பூச்சும் வெளிப்பூச்சும் நடுவில் கண்ணாடியுமாகச் சேர்ந்து அதுவே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கி நாள்கணக்கில் ஆனாலும் உயர் மின்னழுத்த ஒயர் டியூப்பில் சேரும் இடத்து ரப்பர் தொப்பிக்கு அடியில் மின்சாரம் இருக்கலாம். அதை டிஸ்சார்ஜ் செய்து வெளியேற்றினாலும் சில நிமிடத்தில் கொஞ்சம் திரும்பி வரும், அதனால் இரண்டாம் தடவையும் செய்யவேண்டும். நான் வேலை பழகிய காலத்தில் அந்த இரண்டாவது தடவையை மறந்தேன். ஷாக் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் கையை வெடுக்கென்று இழுத்ததில் முழங்கை பட்டு டியூப்பின் கழுத்து முறிந்தது. 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம், அவ்வளவுதான். முதலாளி அதை என் சம்பளத்தில் பிடித்தார். முகப்புக் கண்ணாடி உடைந்திருந்தால் சில்லுகள் பறந்திருக்கும், சம்பளத்தோடு போயிருக்காது.

சரி, ஓசிலோஸ்கோப்புக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் ஆர்வலர்கள் செய்தது இதன் அண்ணன்தான். ராணுவம் கழித்துவிட்ட விசிஆர்97 என்ற 6 அங்குல ராடார் டியூப்பை வாங்கி, பச்சை நிறத்தில் டிவி பார்த்தார்கள். உங்களிடம் அந்த உயர் மின்னழுத்தம், கதிரை அசைக்கும் சர்க்யூட் எல்லாம் பெட்டிக்குள் தயாராக இருக்கிறது. பின்பக்கம் இசட் (Z) என்று, கதிரின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்எம்1881 என்ற சின்ன ஐசி ஒன்று வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும், ஒவ்வொரு வரியும் படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிங்க் துடிப்புகளை வீடியோ சிக்னலிலிருந்து பிரித்துத் தரும். அதன் செங்குத்துத் துடிப்பை வைத்து, ஒரு கெப்பாசிட்டர், இரண்டு டிரான்சிஸ்டரில் 50 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலை ஒன்றைக் கட்டி, கதிரை மேலும் கீழும் நகர்த்தும் ஒய் (Y) உள்ளீட்டில் கொடுங்கள் (ஒரு படம் இரண்டு பாதியாக வருவதால் 25 அல்ல, 50). அலை மேலிருந்து கீழே சரியவேண்டும், இல்லையென்றால் படம் தலைகீழாக வரும். கிடைமட்டத்துக்கு, கதிரை இடமிருந்து வலம் ஓட்டும் ஸ்கோப்பின் டைம்பேஸே போதும்: திரையின் ஒரு கட்டத்துக்கு 5 மைக்ரோவினாடி, பத்துக் கட்டத்துக்கு 50. ஒரு வரி 64 மைக்ரோவினாடி, அதில் படம் இருப்பது சுமார் 52. அந்த ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் டிரிகரை சிங்க் துடிப்பில் வைத்தால் இடது பக்கம் இரண்டு கட்டம் இருட்டாகி, வலது ஓரம் வெட்டுப்படும். அதே ஐசி சிங்க்குக்கு அடுத்துத் தரும் பர்ஸ்ட் துடிப்பு முடியும் விளிம்பில் வையுங்கள், கிட்டத்தட்ட சரியாக உட்காரும். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே காக்கவைக்கும் ஹோல்ட்-ஆஃப் குமிழ் இருந்தால் குறைத்துவிடுங்கள். அப்படியும் சில ஸ்கோப்புகள் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் பிடிக்கும். படம் கொஞ்சம் மங்கும், பார்க்கலாம்.

வீடியோவை இசட்டில் கொடுக்கவேண்டும். அது 1 வோல்ட் சிக்னல், பல ஸ்கோப்புகளுக்குப் போதாது, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். முகம் கறுப்பாகவும் தலைமுடி வெளிச்சமாகவும் தெரிந்தால் பயப்படாதீர்கள், சிக்னலைத் தலைகீழாக்கினால் போதும். பிரைட்னஸைக் குறைத்தே தொடங்குங்கள். அசையாமல் நிற்கும் புள்ளி பாஸ்பர் பூச்சை ஒரேயடியாகச் சுட்டுவிடும்.

தனி டியூப் வாங்கிக் கட்டும் ஆசை அப்புறம் வந்தால் 3பிபி1 மாதிரி 3 அங்குல ஸ்கோப் டியூப் பாருங்கள். பெயரின் முதல் எண் அங்குலம். கடைசியில் பி1 என்றால் பச்சை, பி4 என்றால் வெள்ளை. பி7 ராடாருக்கானது, படம் இழுத்துக்கொண்டே போகும். இவற்றில் கதிர் கிளம்பும் முனையான கேதோடு வழக்கமாக மைனஸ் 1,000 வோல்ட்டுக்கும் கீழே நிற்கும். அதனால் ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மரும் வீடியோ கொடுக்கும் கெப்பாசிட்டரும் அதைத் தாங்குபவையாக இருக்கவேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது. கையில் ஸ்கோப்பும் இல்லாதவர்களுக்குப் பழைய வீடியோ கேமராவின் வியூஃபைண்டர் நல்லது. பெருவிரல் அளவு டியூப், போர்டோடு வரும்.

சில்லறைப் பாகங்களுக்கு ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. 21 அங்குலத்தை என்ன செய்வது? அதன் கண்ணாடியில் ஈயம் உண்டு, குப்பையோடு போடக்கூடாது. புது டிவி வாங்கும்போது, அதைக் கொண்டுவந்து இறக்குபவர்களிடமே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை.

சிக்னலுக்கு ஏரியல் மட்டும் போதாது. 2018 முடிந்ததோடு இங்கே அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. மஞ்சள் ஏவி சாக்கெட் உள்ள டிஜிட்டல் பெட்டி வேண்டும், அமைப்பில் பால் (PAL) என்ற நம் பழைய டிவி முறையைத் தேர்ந்தெடுங்கள். பட அளவை 4:3 வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் செய்தி வாசிப்பவர் முகம் புடலங்காய் மாதிரி நீண்டிருக்கும்.