பாலாற்றுப் பக்கம் மண்ணில் குரோமியம்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து விவசாயிகளுடையவை. அதனால் தோல் கழிவு பாய்ந்த நிலத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. தென்னை ஓலையும் நுனியிலிருந்து கருகுகிறது. இரண்டுக்கும் குரோமியம்தானே காரணம்?

ஓலை கருகுவது பெரும்பாலும் உப்பால். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். தோலை ஊறவைத்து அலசும் தண்ணீரோடு அந்த உப்பெல்லாம் வெளியே வந்துவிடும். எல்லோரும் குரோமியத்தைத்தான் திட்டுகிறார்கள். விளைச்சலைக் கெடுத்ததில் சோடியத்துக்கே பெரிய பங்கு என்பது என் கணிப்பு.

மஞ்சள் நிறம் வேறு விஷயம். தண்ணீரை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். இரும்பு என்றால் துருத்தூளாக அடியில் படியும். படியாமல், தெளிந்த தண்ணீரே மஞ்சளாக நின்றால் குரோமியம்-6 என்று சந்தேகப்பட வேண்டும். குரோமியம் என்ற உலோகம் முக்கியமாக 3, 6 என்று இரண்டு வடிவில் இருக்கும். தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவாக நகராது. 6 தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் (குரோமியம்-6 உப்பு) ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு இந்த வகைதான். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதனை முடிவு வரும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

கேள்வி: மண் வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறதே?

அந்த அட்டையில் 12 விவரங்கள்தான் வரும்: தழை, மணி, சாம்பல் சத்து, நுண்ணூட்டம், உப்புத்தன்மை போன்றவை. ஈயம், காட்மியம், குரோமியம் அதில் கிடையாது. கன உலோகச் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். மொத்த குரோமியம், குரோமியம்-6 இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மண் எடுக்கும்போது ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, மண்வெட்டி பட்ட பக்கத்தை மூங்கில் குச்சியால் சுரண்டித் தள்ளிவிட்டு எடுங்கள். இரும்பு பட்ட மண் கணக்கைக் குழப்பிவிடும்.

கேள்வி: அந்த நிலத்துக் கீரையைச் சாப்பிடலாமா, அண்ணா?

எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது, அம்மா. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். கீரையை விட முள்ளங்கி, பீட்ரூட்டில்தான் யோசிக்க வேண்டும். ஈயமும் அதிகம் மேலே ஏறாது, ஆனால் இலையில் புழுதியாக ஒட்டும், நன்றாக அலசினால் பெருமளவு போகும். காட்மியம்தான் பொல்லாதது. நேராக இலைக்கு ஏறிவிடும், கழுவினாலும் போகாது. இலைக் காய்கறியில் காட்மியத்துக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வைத்த வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். உங்கள் நிலத்தில் அது இருந்தால் கீரையை விட்டுவிட்டுப் பூச்செடிக்குப் போங்கள்.

கேள்வி: சூரியகாந்தி போட்டால் உறிஞ்சிவிடுமாமே?

கொஞ்சம் உறிஞ்சும். நிலம் சுத்தமாகப் பல வருடம் ஆகும், அறுத்த செடியை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி.

கேள்வி: சுண்ணாம்பு, தொழுஉரம் எது போடலாம்?

தொழுஉரம் தாராளமாக. மட்கு குரோமியம்-6ஐ 3 ஆக மாற்ற உதவும். சுண்ணாம்பு வேண்டாம், புளித்த மண்ணில் காட்மியத்தை அடக்க அது நல்லது, ஆனால் காரம் ஏறிய மண்ணில் குரோமியம்-6 இன்னும் சுலபமாக நகரும். அப்புறம், சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றை உரம் என்று இலவசமாகக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: நஷ்டஈடு கிடைக்குமா?

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தோல் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டுக்கு ஆணையிட்டது. பட்டா, சிட்டா நகல்களோடு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். முன்பு இழப்பீட்டுக்காக எடுத்த பாதிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.