இன்ட்ரோவெர்ட் (தனக்குள்ளேயே இருக்கிற ஆள்), எக்ஸ்ட்ரோவெர்ட் (கலகலவென்று பழகுகிற ஆள்) என்கிற குணவகை, மற்றவர்களோடு நாம் பேசும் விதத்தை உண்மையிலேயே மாற்றுகிறதா?

மாற்றுகிறது. ஆனால் யார் எவ்வளவு பேசுகிறார் என்பதைவிட, அவர் யோசிப்பது எப்போது நடக்கிறது, வாயைத் திறப்பதற்கு முன்னாலா திறந்த பிறகா, என்பதுதான் எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. இதை நான் 60 போர்வெல் மோட்டாரில் மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பக்கம் இருக்கிறேன். மாசி, பங்குனி வந்துவிட்டால் சப்மெர்சிபிளுக்கு (போர்வெல்லுக்குள் இறக்குகிற மோட்டார்) அடிதடிதான். நாலு வருடம் முன்னால் அப்படி ஒரு சீசனில், மார்க்கெட்டிங்கில் இருக்கிற தம்பி (என்னைவிட எட்டு வயது சின்னவர், லொடலொடவென்று பேசுவார், தங்கமான ஆள்) மீட்டிங்கில் சொன்னார்: “ஸ்டாம்பிங் புதன்கிழமை வந்துரும், வைண்டிங்க ரெண்டு ஷிஃப்ட் ஓட்டுனா 20ஆம் தேதிக்கு 60 செட் தர்மபுரிக்கு அனுப்பிரலாம், இல்லீங்களாண்ணா?” (ஸ்டாம்பிங் என்றால் மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடு, வைண்டிங் என்றால் அதில் கம்பி சுற்றுவது.) நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டாரை ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட் பெட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஏறும், ஏற்கெனவே எத்தனை வரிசையில் நிற்கிறது, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு. கணக்கு முடிவதற்குள் அவர் பேச்சு லாரி வாடகைக்குப் போய்விட்டது, நானும் சரி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலமே டீலருக்கு போன் போய்விட்டது. 20ஆம் தேதி லாரி ஏறியது 35 செட்தான்.

அப்புறம் சண்டை. “நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்ணா” என்கிறார் அவர். “நீங்களே முடிவு பண்ணிட்டு என்னை எதுக்குக் கேக்கறீங்க” என்கிறேன் நான். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, அவர் முடிவு எதையும் பண்ணவே இல்லை, சத்தமாக யோசித்திருக்கிறார், யாராவது குறுக்கே ஒரு வார்த்தை போட்டிருந்தால் மாற்றிக்கொண்டிருப்பார். அவருடைய யோசனையை நான் முடிவு என்று எடுத்துக்கொண்டேன், என்னுடைய யோசனையை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மௌனம் சம்மதம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரை மட்டும் குறை சொல்லி என்ன பண்ண?

இதில் நேரக்கணக்கு ஒன்று இருக்கிறது. 2009இல் பத்து மொழிகளின் சாதாரண உரையாடல்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது (தமிழ் அந்தப் பத்தில் இல்லை). ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் இன்னொருவர் பதிலை ஆரம்பிப்பதற்கும் நடுவில் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. ஜப்பானியர்கள் இன்னும் வேகம், டேனிஷ்காரர்கள் கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான் வேறுபாடு. அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குள் டெஸ்ட் பெட் கணக்கைப் போட்டுப் பதில் சொல்ல என்னால் முடியாது. என்னைப் போன்றவர்கள் வாயைத் திறக்கும்போது பேச்சு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அப்புறம் நமக்குக் கிடைக்கிற பெயர் அமுக்குணி, கல்லுளிமங்கன். அந்தப் பக்கத்துக்கு வாயாடி, ஓட்டைவாய். வெள்ளைக்காரர்கள் பரீட்சை வைத்து வகை பிரிப்பதற்கு முன்னாலேயே நாம் பிரித்தாயிற்று, என்ன, எல்லாமே திட்டாக இருக்கிறது.

பரீட்சை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தச் சண்டைக்குப் பிறகு எச்.ஆர். ஏற்பாட்டில் எங்களுக்கு மயர்ஸ்-பிரிக்ஸ் என்கிற, ஆட்களை 16 வகையாகப் பிரிக்கிற குணப் பரீட்சை வைத்தார்கள். எனக்கு ஐ.எஸ்.டி.ஜே. என்று வந்தது (அந்த 16இல் ஒன்று, முதல் எழுத்து ‘ஐ’ என்றால் இன்ட்ரோவெர்ட்). வாசித்தபோது புல்லரித்துவிட்டது, அப்படியே நான்! ஒரு மாதத்துக்குச் சும்மா இருக்கிறவர்களிடம் எல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் ஃபோரர் என்கிற உளவியல் ஆசிரியர் 1948இல் பண்ணிய வேலையைப் படித்தேன். 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ‘இது உன் குணம்’ என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் போட்ட சராசரி மார்க் ஐந்துக்கு 4.26. எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள், அதுவும் ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள். கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த 16 வகையை உருவாக்கியவர்கள் அமெரிக்காவில் ஓர் அம்மாவும் மகளும், இரண்டாம் உலகப்போர் சமயத்தில். இருவரும் உளவியல் படித்தவர்கள் இல்லை, சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் யுங் 1921இல் எழுதியதை வைத்துக்கொண்டு வளர்த்தது. யுங்கே நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் என்று சொன்னவர். உயரம் மாதிரிதான் இதுவும், ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் குட்டை என்று ஊரை இரண்டாக வகுக்க முடியாது. அதனால்தான் இப்போது ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் வகைப் பெயரை விட்டுவிட்டு, ஐந்து குணங்கள் (எக்ஸ்ட்ரோவெர்ட் தன்மையும் அதில் ஒன்று) ஒவ்வொன்றும் யாரிடம் எவ்வளவு என்று அளவாகப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, குணம் என்று நாம் நினைப்பதில் பாதி பழக்கமாக இருக்கும். என் அப்பா போனில் “சாப்ட்டியா? சரி, வெச்சர்றேன்” என்று முடித்துவிடுவார். பேச்சுப் பிடிக்காதவர் என்று ரொம்ப காலம் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவர் போன் பேசக் கற்றுக்கொண்டதே எஸ்.டி.டி. பூத்தில், எதிரில் சிவப்பு எழுத்தில் காசு ஏறிக்கொண்டிருக்கும். அதே மனிதர் காலையில் டீக்கடையில் உட்கார்ந்தால் பத்து மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். எங்கள் ஷாப் ஃப்ளோரில் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்கிற பையன்கள் கேன்டீனில் போடுகிற சத்தமும் அப்படித்தான். அவர்களைப் போய் இன்ட்ரோவெர்ட் என்று எழுதி வைத்தால் எப்படி?

சரி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் சும்மா இருக்காமல் “கணக்குப் போட்டுட்டு நாலு மணிக்குச் சொல்றேன்” என்று வாய்விட்டுச் சொல்கிறேன், நாலு மணிக்கு நானே போகிறேன். அந்தத் தம்பியும் இப்போதெல்லாம் “ண்ணா, இது சும்மா பேசறதுதான், டீலர்கிட்ட சொல்லல” என்று ஆரம்பிக்கிறார். மீட்டிங்குக்கு முதல் நாளே என்ன பேசப் போகிறோம் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். டெஸ்பாட்ச் தேதி இன்னமும் தவறத்தான் செய்கிறது, ஸ்டாம்பிங் லேட்டாக வந்தால் யார் என்ன குணமாக இருந்தாலும் லேட்தான், ஆனால் கத்திக்கொள்வது குறைந்துவிட்டது.

வீட்டில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடவில்லை. போன மாதம் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே போகலாமா என்று மனைவி கேட்டாள். நான் வழக்கம்போல, “நான் கொஞ்சம் இன்ட்ரோவெர்ட்மா, யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். “ஏனுங்க, நீங்க யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னதுல ஒண்ணாவது இதுவரைக்கும் சரின்னு வந்திருக்குங்களா?” என்றாள். யோசித்துப் பார்த்தேன், இல்லை.