அந்தக் கிளை எங்கே?

அன்புள்ள ஐயா,

விலங்கியல் முதுகலை படிக்கிறேன். கரீபியத் தீவுகளின் அனோலிஸ் பல்லிகளை ஒரே பேரினமாக வைப்பதா, 2012இல் சிலர் சொன்னபடி எட்டாகப் பிரிப்பதா என்று வகுப்பில் சண்டை. நீங்கள் எந்தப் பக்கம்? எங்கள் ஊரில் வெயிலும் பாறையும்தான், பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு ஓணான் படங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்,

எட்டாகப் பிரித்ததை உடனே மறுத்தவர்களும் உண்டு. இன்றும் பலர் அனோலிஸ் என்றே எழுதுகிறார்கள். தேர்வுக்கு இது போதும்.

பதில் எழுத வைத்தது உங்கள் படங்கள். ஓணான் இருக்கிறது, அது உட்கார்ந்திருந்த கிளையைக் காணோம். பின்னணியை அழித்து வெள்ளையடித்திருக்கிறீர்கள். முதுகலை மாணவர் செய்கிற வேலையா இது?

1972இல் அமெரிக்க விலங்கியலாளர் எர்னஸ்ட் வில்லியம்ஸ் அந்தக் கரீபியத் தீவுப் பல்லிகளை வகை பிரித்ததே அவை இருக்கும் இடத்தை வைத்துத்தான்: அடிமரம், மர உச்சி, சுள்ளி, புல்புதர். சுள்ளியில் ஊர்வதற்குக் குட்டைக் கால், அடிமரத்திலிருந்து தரைக்குப் பாய்வதற்கு நீளக் கால். கியூபாவின் சுள்ளிப் பல்லியையும் ஜமைக்காவின் சுள்ளிப் பல்லியையும் பக்கத்தில் வைத்தால் கூடப் பிறந்தவை என்பீர்கள். கிடையாது. ஜமைக்காச் சுள்ளிப் பல்லிக்கு நெருங்கிய சொந்தம், துளியும் சாயல் இல்லாத அதே தீவுப் பல்லிகள். 1998இல் அனோலிஸ் ஆய்வாளர் ஜொனாதன் லோசோஸ் குழுவினர் மரபணுவை வைத்து இதைக் காட்டினார்கள். தீவுக்குத் தீவு தனித்தனியாக அதே உருவம் வந்திருக்கிறது. அந்த உருவத்தைச் செதுக்கியது கிளை. அதைத்தான் நீங்கள் அழித்துவிட்டீர்கள்!

காட்பாடிப் பக்கம் நாங்கள் ஈர்க்குச்சி நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்போம். ராமருக்குச் சிறுநீர் கொடுத்த பாவி என்று அதற்குக் கல்லடி வேறு. ஆனால் எது வேலி உச்சியில் இருக்கும், வெயில் ஏறினால் எந்தப் பக்கம் இறங்கும் என்று எல்லாப் பையன்களுக்கும் தெரியும். அனோலிஸ் ஆய்வாளர்களும் நீளக் கோலில் சுருக்கு மாட்டித்தான் பிடிக்கிறார்கள். அது இருந்த உயரத்தையும் கிளையின் தடிமனையும் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், "பார்க்க ஒன்றுமில்லை" என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். பாறை ஓணானில் ஆண், இனப்பெருக்க காலத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பாறைமேல் நின்று தலையாட்டும். உங்களுக்குப் படிப்பில் ஆசை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதனால்தான் திட்டுகிறேன். அளவு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு காலை 9 மணிக்குள் போங்கள். 11 மணிக்கு மேல் குடியாத்தம் பாறையில் ஓணானும் நிற்காது, நீங்களும் நிற்க மாட்டீர்கள்.