‘நீங்களே ரிசைன் பண்ணிடுங்க’ என்றால் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 8 வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். சம்பளம் 78,000 ரூபாய். ‘மார்க்கெட் டல், புராஜெக்ட் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா கொடுங்கள்’ என்கிறார்கள் ஹெச்.ஆரில். மறுத்தால் டெர்மினேட் செய்துவிடுவார்களாம், ரிலீவிங் லெட்டரும் வராதாம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: வெள்ளிக்கிழமை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஹெச்.ஆர். போர்ட்டலில் ‘ரிசைன்’ பட்டனையும் அழுத்தாதீர்கள்.

மந்தநிலையைக் காரணம் காட்டி ஆள் குறைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அத்துடன் நஷ்டஈடாக, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். உங்கள் 8 வருடத்துக்கு 120 நாள், அதாவது ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) இதில் சேராது, அது தனி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘செட்டில்மென்ட்’ என்று நீட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். நீங்களாக ராஜினாமா கொடுத்துவிட்டால் அந்த நஷ்டஈட்டைக் கேட்க வழியில்லாமல் போய்விடும். இவ்வளவு அவசரப்படுத்துவது அதற்காகத்தான்.

‘ஐ.டி.க்கு லேபர் சட்டம் கிடையாது’ என்று பலரும் நம்புகிறார்கள். தவறு. ஐ.டி. நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை என்று தமிழக அரசே 2016-ல் தெளிவுபடுத்திவிட்டது. சம்பளம் அதிகம் என்பதும் தடையில்லை, நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை எது என்பதுதான் கேள்வி. டெஸ்டிங் தொழில்நுட்ப வேலை, அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ‘லீட்’ என்று பதவிப் பெயர் இருந்தாலும் உண்மையில் டெஸ்டிங்தான் செய்கிறீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். மற்றவர்களை மேற்பார்வை செய்வதே முக்கிய வேலை என்றால் வழக்கு சிக்கலாகும். அப்போது ஆவணங்களோடு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

டெர்மினேட் மிரட்டலுக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. அப்படி நீக்கினால் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

இன்று ராத்திரியே உங்கள் சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கு எழுதுங்கள்: ‘இன்று மீட்டிங்கில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விருப்பமில்லை. வேலையைத் தொடரத் தயாராக இருக்கிறேன்.’ இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். பிறகு வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அப்ரைசல் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாகின் எப்போது முடங்கும் என்று சொல்ல முடியாது. கிளையன்ட் ஃபைல், கோட் எதையும் தொடாதீர்கள். உங்கள் மேல் குற்றம் சுமத்த அதுவே போதும்.

அவசரத்தில் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்திருந்தால், நிறுவனம் அதை ஏற்பதற்கு முன் ‘வாபஸ் பெறுகிறேன்’ என்று எழுதிவிடுங்கள். ஏற்றுவிட்டார்கள் என்றால், மிரட்டி வாங்கியது என்று காட்ட வேண்டிவரும். அது கடினம், ஆனால் முடியாததல்ல.

வேலையை விட்டு நீக்கியேவிட்டால், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். உங்கள் பகுதிக்கு யார் என்பதைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள துறைத் தலைமையகத்தில் விசாரிக்கலாம். ரிலீவிங் லெட்டரையும் மனுவில் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள். சமரசப் பேச்சில் தீர்வு வராவிட்டால் நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.