எடை குறைப்பு ஆபரேஷன்: இரண்டாவது முறை கத்தி வைக்கலாமா?

அம்பாசமுத்திரம் வாசகி, 38 வயது: 2019-ல் இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்தேன். 118 கிலோவில் இருந்து 78 வரை இறங்கினேன். இப்போது 89. உயரம் 160 செ.மீ. இரைப்பை விரிந்துவிட்டது, பைபாஸாக (சின்ன இரைப்பைப் பையை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) மாற்ற வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

நீங்கள் இறக்கியது 40 கிலோ, திரும்ப ஏறியது 11. கால் பங்குக்குச் சற்று மேல். முதல் ஒன்றரை வருஷம் கழிந்தபின் ஓரளவு ஏறுவது பெரும்பாலானோருக்கு நடப்பதுதான். உங்கள் கணக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கவனிக்க வேண்டியதுதான், ஆனால் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை.

'விரிந்துவிட்டது' என்று எதை வைத்துச் சொன்னார்கள்? பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்களா, எண்டோஸ்கோபி பார்த்தார்களா? இரண்டும் இல்லாமல் அப்படிச் சொல்ல முடியாது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை விடுவார்கள். நாளாக ஆக அது சற்று விரியத்தான் செய்யும். ஆனால் முதல் ஆபரேஷனில் மேல்பகுதியை முழுதாக வெட்டாமல் விட்டிருந்தால், அங்கே தனிப் பை போலத் தொங்குவது படத்தில் தெரியும். அது உறுப்பில் உள்ள குறை, ஆபரேஷனில் திருத்தலாம். குழாய் சீராக இருக்கிறதென்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் தட்டில் தேடுங்கள். இரண்டு இட்லியில் வயிறு முட்டுகிறவருக்கும் 100 கிராம் அல்வா வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பதநீர், கருப்பட்டிக் காப்பி, தேங்காய்ப்பால் நிறைய விட்ட சொதி எல்லாம் அதே வகை. மெல்ல வேண்டாதது குழாயில் தங்காது, வயிறு நிறைந்த உணர்வும் தராது. ஏழு நாள், வாயில் போட்ட ஒவ்வொன்றையும் அளவோடு எழுதுங்கள். புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம் வருகிறதா என்று கூட்டுங்கள்: இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20. எங்களுக்குத் தெரிந்தவரை, இந்தக் கணக்கில் பாதியைத் தாண்டாதவர்களே அதிகம்.

கூடவே தைராய்டு, மூன்று மாத சர்க்கரை, பி12, வைட்டமின் டி, ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு) பாருங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள் எடையை ஏற்றும். எல்லா மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். இரவில் பலமான குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூன்று மாதம் உணவு நிபுணரின் கையில் இருந்தும் எடை முள் ஏறிக்கொண்டே போனால், அல்லது சர்க்கரை நோய் திரும்பினால், அப்போது பைபாஸ் பேச்சை எடுக்கலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: இரண்டாவது முறை இறங்கும் எடை பொதுவாக முதல் முறையைவிடக் குறைவு. பழைய தழும்பில் குடல் ஒட்டியிருப்பதால் கசிவுக்கும் ரத்தப்போக்குக்கும் வாய்ப்பு கூடுதல்.

பாளையங்கோட்டை வாசகர், 46 வயது: ஸ்லீவ் செய்து ஐந்து வருஷம். எடை பரவாயில்லை. ஆனால் இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வந்து இருமி எழுகிறேன். அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை இரண்டு வேளை. திரும்ப ஸ்லீவ் செய்தால் தீரும் என்கிறார் ஒருவர்.

தீராது, கூடும். குழாயை இன்னும் குறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி, எதுக்களிப்பு மேலே தள்ளும். உங்களுக்கு மாற்றுவதென்றால் ரூ-என்-ஒய் பைபாஸ்தான். 30 மில்லி அளவு சின்னப் பையை விட்டு, பித்தநீர் மேலே வராதபடி குடலைத் தள்ளி இணைப்பது அது. மினி பைபாஸ் வேண்டாம். அதில் பித்தநீரே பைக்குள் வந்து சேரும்.

அதற்கு முன் எண்டோஸ்கோபியில் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: உணவுக்குழாய்ப் புண் எந்தக் கிரேடு, ஹயேட்டஸ் ஹெர்னியா (இரைப்பை நெஞ்சுக்குள் ஏறுவது) இருக்கிறதா, பேரட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறுவது) தெரிகிறதா. கடுமையான சி, டி கிரேடு புண்ணோ பேரட்டோ இருந்தால் எடை எப்படி இருந்தாலும் பைபாஸ் நியாயம். குழாய் நடுவில் முறுக்கியோ குறுகியோ இருந்தால் சிலருக்கு பலூன் விரிப்பே போதும். இப்போதைக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள், ராத்திரி பத்து மணி பரோட்டா, சால்னாவை நிறுத்துங்கள், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள்.

திசையன்விளை வாசகர்: தங்கைக்கு மினி பைபாஸ் செய்து இரண்டு வருஷம். 96 கிலோ, இப்போது 47. கால் வீக்கம், முடி கொட்டுகிறது, தினம் வாந்தி. 'மெலிந்தது நல்லதுதானே' என்கிறார்கள்.

இந்தக் கடிதத்துக்குத்தான் நாங்கள் பயந்தோம். இந்த வாரமே காட்டுங்கள். மினி பைபாஸில் சிறுகுடலின் முதல் 150 முதல் 200 செ.மீ. உணவு படாமல் சுற்றிவிடப்படுகிறது. அதைவிட நீளமாக விட்டிருந்தாலோ, அவருடைய மொத்தக் குடலே குட்டையாக இருந்தாலோ, புரதம் உறிஞ்ச இடம் போதாது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 100 மில்லிக்கு 3 கிராமுக்குக் கீழ் இருந்தால் நிலைமை மோசம். கால் வீக்கம் அதைத்தான் காட்டுகிறது.

வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் குளுக்கோஸ் டிரிப் போட விடாதீர்கள். பைபாஸ் ஆனவர் என்று சொல்லி, தையமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டபிறகு டிரிப் ஏற்றச் சொல்லுங்கள். தையமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் ஏறினால் கண் ஆடும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். சில நேரம் அது திரும்பாத சேதம். பிறகு எண்டோஸ்கோபியில் இணைப்பு குறுகியிருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைபாஸை அவிழ்க்கவோ சுற்றிவிட்ட நீளத்தைக் குறைக்கவோ ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனால் சத்து ஏற்றி அல்புமினை உயர்த்தியபின்தான். இல்லையென்றால் தையல் சேராது, கசியும்.

வள்ளியூர் வாசகர்: ஆபரேஷனுக்குப் பதில் வாரம் ஒரு ஊசி போதுமா?

உறுப்பில் குறை இல்லாமல் எடை மட்டும் ஏறியவருக்கு செமாக்ளூடைட், டிர்செபடைட் என்ற வார ஊசிகள் நல்ல வழி. குறைந்த அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். நிறுத்தினால் எடை திரும்பும். கணையத்தில் அழற்சி வந்தவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தென்காசி வாசகி: இன்சூரன்ஸ் தருமா?

வழக்கமான பாலிசி விதிப்படி பி.எம்.ஐ. (உயரத்துக்கான எடைக் கணக்கு) 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்ற நோயோடு 35 வேண்டும். எதுக்களிப்புக்கோ சத்துக்குறைவுக்கோ செய்வதென்றால் டாக்டர் கடிதத்தில் அந்தக் காரணமே முதலில் இருக்கட்டும். முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பழைய ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேளுங்கள். எந்த அளவு பூஜி (இரைப்பையை வெட்டும்போது அளவுக்காக உள்ளே வைக்கும் குழாய்) வைத்து வெட்டினார்கள், எத்தனை செ.மீ. குடலைச் சுற்றிவிட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். அது கையில் இல்லாமல் இரண்டாவது சர்ஜன் வயிற்றைத் திறந்தபின்தான் தேட வேண்டியிருக்கும்.