பக்கத்து வீட்டுக்காரரின் வரி

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 15 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினேன். சொத்து வரி 18,000 டாலரைத் தாண்டுகிறது. பக்கத்து வீடும் அதே அளவுதான். 1970களில் வாங்கியவர் 2,000 டாலர்கூடக் கட்டுவதில்லை. இப்போது பள்ளிகளுக்காக மனைக்கு 200 டாலர் பார்சல் வரி போடலாமா என்று வாக்குச்சீட்டில் கேட்கிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்காம். லாட்டரிப் பணம் பள்ளிக்குத்தானே போகிறது? நான் எதிர்த்து வாக்களிக்கப் போகிறேன். தவறா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு ஒப்புதல். நான் வீடு வாங்கியது 1996இல். நீங்கள் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குகூட நான் கட்டுவதில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருடைய கட்சிக்காரன் எழுதும் பதில் இது என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கை எழுதியது பள்ளிக்கூடம் அல்ல. 1978 ஜூனில் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபொசிஷன் 13 (புரொபொசிஷன் என்றால் மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவு). வரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் அடிப்படை வரி கூடாது, வீடு கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது அது. அன்றைக்கு வீட்டு விலை எகிறிக்கொண்டிருந்தது. ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டையே விற்க நேருமோ என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் முதியவரின் வீட்டுக்குப் பிடித்த குடையின் கீழ் அலுவலகக் கட்டடங்களும் பேரங்காடிகளும் வந்து நின்றுகொண்டன. வணிகச் சொத்துகளையாவது சந்தை விலைக்கு மதிப்பிடலாம் என்று 2020இல் புரொபொசிஷன் 15 வந்தது. 48 சதவீதம்தான் கிடைத்தது.

புரொபொசிஷன் 13 வந்ததும் சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது. அதுவரை பெரும்பாலும் உள்ளூரில் திரட்டிய பள்ளிப் பணத்துக்கு மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவைப் பார்த்துக் கையேந்தும் நிலை வந்தது. உள்ளூரில் மிஞ்சிய சில வழிகளில் ஒன்றுதான் பார்சல் வரி. (நம் ஊர் ஓட்டல் பார்சல் அல்ல, இங்கே பார்சல் என்றால் மனை.) அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நூற்றுக்கு 66 பேர் சரி என்றாலும் 34 பேர் வென்றுவிடுவார்கள். ஆகவே உங்கள் எதிர் வாக்குக்கு ஆதரவு வாக்கைப்போல் இரண்டு மடங்கு கனம்.

நீங்கள் எழுதாத ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. பார்சல் வரி பெரும்பாலும் வசதியான பள்ளி மாவட்டங்களில்தான் தேறுகிறது. அங்கே இசை ஆசிரியரும் நூலகரும் தப்பிக்கிறார்கள். ஏழை மாவட்டத்தில் கேட்கவே துணிவதில்லை. அதனால் மாநிலம் முழுவதற்குமான வரியே மேல் என்பது என் கட்சி. 2012இல் புரொபொசிஷன் 30 அப்படித்தான் வந்தது: இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதல் வருமான வரி, எல்லோருக்கும் கால் சதவீத விற்பனை வரி. தோற்றால் பள்ளிகளுக்குப் பல நூறு கோடி டாலர் வெட்டு என்று அந்த ஆண்டின் பட்ஜெட் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஐம்பத்தைந்து சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதற்காக ஊர் ஊராகப் போனவர் ஆளுநர் ஜெர்ரி பிரவுன். 1978இலும் ஆளுநர் அவர்தான்! அன்று புரொபொசிஷன் 13ஐ எதிர்த்தார், நிறைவேறியதும் தானே முன்னின்று நடைமுறைப்படுத்தினார். முப்பத்து நான்கு ஆண்டு கழித்து அதே மனிதர் வந்து பள்ளிக்குப் பணம் கேட்டார். அந்த வருமான வரியை 2016இல் வாக்காளர்கள் 2030வரை நீட்டித்தார்கள்.

லாட்டரி பற்றி: பள்ளிகளின் மொத்தச் செலவில் அது ஏறத்தாழ ஒரு சதவீதம். விளம்பரம்தான் பெரிது.

தவறா என்று கேட்டீர்கள். தவறு என்றே நினைக்கிறேன். உங்கள் எதிர் வாக்கால் பக்கத்து வீட்டுக்காரரின் வரி ஒரு காசு ஏறாது. சீட்டில் போடுமுன் முழு வாசகத்தையும் படியுங்கள். பணம் எதற்கு, எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். விலக்குப் பகுதியையும் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்திலும் அப்படித்தான். எனக்கு 65 ஆகி மூன்று ஆண்டாகிறது, இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கொள்கை என்று நான் சொல்கிறேன். சோம்பல் என்கிறாள் மனைவி.